மூன்று பச்சைக்கு மேல் நிற்பவர்கள்

ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து என் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் பேசினாள். இன்னொரு வெளிநாட்டு நகரத்தோடு புதிதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாம். அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். "உங்க வெளிநாட்டுப் பயணத்தைப் பத்தி எழுதுங்க மேடம், போட்டோ இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். போட்டோ இருக்கிறது. பனியில், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுக்குள் என் மூக்கு மட்டும் தெரியும் போட்டோ. அதைப் போட்டால் என் பேரப்பிள்ளைகள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். இப்போதெல்லாம் தெருவில் நடப்பவர்களை எண்ண ஆட்களை நிறுத்துவதில்லையாம். கம்பத்தில் கேமரா வைத்துவிட்டால் அதுவே எண்ணி, வேகத்தையும் அளந்து, நேராகக் கணினிக்கு அனுப்பிவிடுமாம். "ஒருத்தரைக்கூட விடாதா?" என்று கேட்டேன். "விடாது மேடம்" என்றாள் பெருமையாக. போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. பனியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, வேறொன்றைப் பற்றி எழுதத்தான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் ராயப்பேட்டைக்காரி. அத்தா புத்தகம் பைண்டிங் செய்தவர். மூன்று பெண்களில் ஒருத்தியாவது சர்க்கார் சம்பளம் வாங்க வேண்டும் என்று என்னை டிப்ளமா படிக்கவைத்தார். வரைவாளராகச் சேர்ந்தேன். முதல் பதினைந்து வருடம் மழைநீர் வடிகால் வரைந்தேன். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மழை வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் என்னைப் போக்குவரத்துத் திட்டப் பிரிவில் போட்டார்கள். அங்கேதான் வைத்தியநாதன் சார் எனக்கு மேலதிகாரி.

சார் மயிலாப்பூர்க்காரர், குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்தத் தாளைக் கொண்டுபோனாலும் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் கடுத்துப்போகும். கடைசி வரி முடிந்ததும் பேனாவைத் திறப்பார். திறந்துவிட்டு, நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "இதுல நான் பாக்காம விட்டது ஏதாவது இருக்கா?" ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான். இருக்கிறது என்றால் பேனாவை மூடிவிடுவார். இல்லை என்றால் கையெழுத்து. சின்னவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கு ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தோடு எங்கள் நகரத்துக்குத் தோழமை ஏற்பட்டது. புகை குறைய வேண்டும், பேருந்துக்குத் தனி வழி, சைக்கிளுக்குத் தனி வழி, நடப்பவர்களுக்கு நல்ல நடைபாதை என்பதுதான் திட்டம். முறையும் மென்பொருளும் அவர்களுடையது. தெருவும் வெயிலும் நம்முடையது. சோதனைக்கு மயிலாப்பூரில் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தோம். பெயர் வேண்டாம்.

அவர்களுடைய முறை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நாங்கள் நடப்பவர்களைக் கும்பலாகத்தான் எண்ணுவோம். அவர்கள் ஆளுக்கு ஒரு வரி கேட்டார்கள். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் நடைபாதையிலிருந்து காலை இறக்கும்போது அமுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஏறும்போது மறுபடி அமுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு எண், எடுத்த நேரம், கையில் சுமை உண்டா இல்லையா. பெயர் எழுதக்கூடாது. அந்த எண்களெல்லாம் கடல் தாண்டிப் போய், அங்கே கணினியில் உருவங்களாக மாறும். நம் சாலையை அப்படியே வரைந்து வைத்திருப்பார்கள். அந்த உருவங்கள் அவரவர் வேகத்தில் அதில் நடக்கும். சாலையைக் கட்டுவதற்கு முன்பே, கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்.

ஏழுமலையை நான் முதலில் பார்த்தது அந்த ஸ்டாப்வாட்சோடு நின்றபோதுதான். அறுபது வயதிருக்கும். இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. சாலைக்கு மேற்கே மரத்தடியில் அவருக்கும் அவர் மனைவி ராணிக்கும் ஒரு இஸ்திரி வண்டி. வீடும், துணி வாங்கும் வீடுகளும் கிழக்கே. ராணி பெட்டியை விட்டு நகரமாட்டார். இவர்தான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை சாலையைக் கடப்பார். சாலையை இரண்டாகப் பிரிக்கும் மீடியனில் ஒரு இடைவெளி இருந்தது. பாதிச் சாலையைக் கடந்து, அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டு, மீதியைக் கடப்பார்.

"இன்னா மேடம், கைல கடியாரத்த வச்சிகினு நிக்கிறீங்கோ. நான் இன்னா ரேஸா ஓடறேன்?" என்றார் இரண்டாம் நாள்.

"நீங்கதாங்க இந்த ரோட்லயே மெதுவா நடக்கறவரு" என்றேன்.

"கப்பு குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மரத்தடியிலிருந்து ராணி, "வேலயப் பாருய்யா, அவங்க ஆபீசரு" என்று கத்தினார். அவருடைய எண்ணை நான் தாளில் எழுதினேன். அந்த எண் இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

புதுத் திட்டத்தில் மீடியன் இடைவெளியை அடைத்துச் செடி வைப்பதாக இருந்தது. அதற்குப் பதிலாக, அதே இடத்தில் நடப்பவர்கள் கடக்கச் சிக்னல் வைத்த கடவை. ஒரே மூச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட வேண்டும். பச்சை எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு அந்த ஊர்க் கணக்கு ஒன்று இருந்தது. சராசரி மனிதன் நடக்கும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு.

அந்தக் கணினி மாதிரியை இயக்கிப் பார்த்தவர் அந்த நகரத்து ஹென்ரிக். பொறுமையான மனிதர், எங்கள் ஊர்ப் பெயர்களைக் கஷ்டப்பட்டுச் சரியாக உச்சரிப்பார். ஒரு நாள் பிற்பகல் வீடியோ அழைப்பில் தன் திரையைக் காட்டினார். அறையில் நான் மட்டும் இருந்தேன். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி நம் மயிலாப்பூர்ச் சாலை. சின்னச் சின்ன நீல உருவங்கள். முகம் கிடையாது, கைகால் கிடையாது. பச்சை விழுந்ததும் எல்லாம் சாலையைக் கடந்தன. ஒன்று மட்டும் ஓரத்தில் நின்றது.

சிவப்பு விழுந்தது. வண்டிகள் ஓடின. மறுபடி பச்சை. புதிதாக வந்தவர்கள் அந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அது நின்றது. மூன்றாவது பச்சையும் முடிந்தது. அப்போது அது இல்லை. நகரவில்லை, திரும்பவில்லை. இருந்த இடத்தில் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

"எங்கே போனது?" என்று கேட்டேன்.

"நீக்கிவிட்டது" என்றார் ஹென்ரிக். யாராவது மூன்று பச்சைக்கு மேல் நகராமல் நின்றால் அது கணினியின் சிக்கல் என்று எடுத்துக்கொண்டு மென்பொருளே அழித்துவிடுமாம். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் முட்டி, மாதிரியே நின்றுபோகுமாம். எல்லா நகரங்களிலும் இப்படித்தானாம். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் அதே இடத்தில் மறுபடி ஒன்று வந்து நின்றது.

அதன் மேல் சுட்டியை வைக்கச் சொன்னேன். எண் வந்தது. என் கையெழுத்தில் நான் எழுதிய எண்.

சிக்கல் ஒன்றும் இல்லை. அவருடைய வேகத்துக்கு அந்தப் பச்சை போதாது. போதாது என்று தெரிந்தால் காலை இறக்கக்கூடாது என்பது அந்த உருவங்களுக்குச் சொல்லிவைத்த விதி. அதனால் நின்றது. பச்சை முப்பது தடவை விழுந்தாலும் நிற்கும். எனக்கு அந்தக் கணமே இது புரிந்தது. புரியவில்லை என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய்.

சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் அவர்கள் ஊரில் மாநாடு, இந்தச் சாலையைப் பற்றி நான்தான் பேசப் போகிறேன். வடிகால் வரைந்துகொண்டிருந்த ராயப்பேட்டை ஜரினா, மேடையில், பத்து நாட்டுக்காரர்கள் முன்னால். பச்சையை நீட்டினால் பேருந்துக் கணக்கு மாறும், எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும், மாநாட்டுக்குள் முடியாது. சுருக்கமாகச் சொன்னால் எனக்கு ஆசை வந்துவிட்டது.

அறிக்கையைச் சாரிடம் கொண்டுபோனேன். ஸ்கேல் வரி வரியாக இறங்கியது. ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "நீக்கப்பட்டது: ஒன்று" என்று இருந்தது. ஸ்கேல் அங்கே ஒரு நிமிடம் நின்றது.

"இது என்னது, ஜரினா?"

"சாஃப்ட்வேர் சமாச்சாரம் சார். எல்லா ஊர்லயும் வர்றதுதான்."

தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தார். நிமிர்ந்தார். "இதுல நான் பாக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

மாநாட்டில் நன்றாகக் கை தட்டினார்கள்.

சாலை கட்டி முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அழகாகத்தான் இருந்தது. திறந்து கொஞ்ச நாள் கழித்து, வழக்கப்படி, கட்டிய சாலையை மறுபடி அளந்து பார்க்கும் பின்னாய்வுக்குப் போனேன். முன்பு நின்ற இடத்திலேயே, அதே ஸ்டாப்வாட்சோடு. காலை பத்தரை மணி, சுள்ளென்ற வெயில். கல்லூரிப் பெண்கள், காய்கறிப் பையோடு மாமிகள், பச்சை விழுந்ததும் எல்லோரும் கடந்தார்கள். ஒருவர் மட்டும் ஓரத்தில் நின்றார்.

ஏழுமலைதான். தோளில் மூட்டை. நான் திரையில் பார்த்த அதே இடம். வந்தவர்கள் அவரைப் பார்க்காமலே அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடாமல் பச்சைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். இரண்டாவது பச்சை வந்து போயிற்று. மூன்றாவது வந்து போயிற்று. ஒரு பேருந்து எங்களுக்கு நடுவில் நின்று கிளம்பியது. அது போனபோது அந்த இடத்தில் அவர் இல்லை.

மறுநாளும் போனேன். அதே மாதிரி நின்றார், மூன்று பச்சை முடிந்ததும் காணோம். மூன்றாவது நாள் ஸ்டாப்வாட்சை மேசையிலேயே வைத்துவிட்டு, சாலையைக் கடந்து கிழக்குப் பக்கம் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். மூன்றாவது பச்சை அணைந்ததும் அவர் திரும்பினார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மூணு தபா பாப்பேன் மேடம். அப்பறம் போய்டுவேன்."

"ஏன் மூணு?"

"இன்னாத்துக்குன்னு தெரில. அதுக்கு மேல நின்னா ஒரு மாதிரியா கீது. எல்லாரும் சுத்திகினு போறாங்கோ, ஒருத்தங்கூட மூஞ்சியப் பாக்கறதில்ல. நான் நெஜமாவே நிக்கிறேனான்னே டவுட்டா பூடுது."

திறந்த முதல் நாள் அவர் இறங்கித்தான் பார்த்திருக்கிறார். நடுவழியில் பச்சை அணைந்துவிட்டது. மீடியனில் ஏற இடமில்லை, செடித்தொட்டி. இரண்டு பக்கமும் வண்டிகள் கிளம்பிவிட்டன. ஒரு பைக் உரசியதில் மூட்டை விழுந்து, துணிகள் மேல் பேருந்து ஏறியிருக்கிறது. சட்டையை விலக்கித் தோளில் இருந்த காயத்தைக் காட்டினார். அன்றிலிருந்து ராணிதான் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மூட்டையை வாங்கிக்கொண்டு போகிறார். பாதி வீடுகள் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டன.

"உட்டுட்டு வூட்ல குந்துய்யான்னு அவ சொல்றா. நாப்பது வருசம் அவகூட நின்னு பொட்டி தேச்சவன் மேடம் நான். அவ அந்தாண்ட, நான் இந்தாண்ட. இன்னா பொழப்பு இது?"

அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆட்டோ பிடித்து நேராக அலுவலகம் போனேன். ஹென்ரிக்குக்கு எழுதினேன்: அந்த மூன்று பச்சை வரம்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், மயிலாப்பூரை மட்டும் இல்லை, தி.நகர், அடையாறு என்று அதற்குப் பிறகு நாம் இதே முறையில் செய்த எல்லாச் சாலைகளையும். மாதிரி நின்றுபோகும் என்று பதில் எழுதினார். நிற்கட்டும் என்று எழுதினேன். பிறகு வைத்தியநாதன் சாரிடம் போய், வெள்ளிக்கிழமை ஒரு வீடியோ பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திரையைப் போட்டார் ஹென்ரிக். முதலில் எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது. பேருந்துகள் போயின, நீல உருவங்கள் கடந்தன. கொஞ்ச நேரத்தில் மயிலாப்பூர் ஓரத்தில் ஒன்று நின்றது. அது போகவில்லை. பிறகு தி.நகரில் ஒரு கடவையில் இரண்டு. அடையாறில் மூன்று, நான்கு. ஒவ்வொரு சாலையின் அறிக்கையிலும் "ஒன்று", "இரண்டு" என்று பொடி எழுத்தில் இருந்தவை இப்போது ஒரே படத்தில் வந்து வந்து நின்றன. ஒன்றும் அழியவில்லை. சாலை ஓரமெல்லாம் நிரம்பிக்கொண்டே வந்தது. பின்னால் வந்தவர்களுக்கு வழியில்லாமல் அவர்களும் நின்றார்கள். கடைசியில் திரையில் வண்டிகள் மட்டும்தான் ஓடின. ஓரத்தில் அத்தனை உருவங்களும் சாலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"இது தவறுதானே?" என்று மெல்லக் கேட்டார் ஹென்ரிக்.

"இல்லை. இவர்கள் எல்லோரும் எங்கள் தாளில் இருப்பவர்கள். முழங்கால் வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், சுமை தூக்குபவர்கள் என்று நாங்கள் நேரில் பார்த்து எழுதியவர்கள். ஆளுக்கு ஒரு வரி நீங்கள்தான் கேட்டீர்கள்" என்றேன். எனக்கு அவர் மேல் கோபமில்லை. அவருக்கு ஏழுமலையைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் கேட்டேனே, ஜரினா."

"கேட்டீங்க சார்."

"ஒண்ணும் இல்லேன்னு சொன்னியே."

"ஆமா சார்."

"நானும் நம்பிண்டு போட்டுட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறும்வரை என் தாள்களை ஸ்கேல் வைத்துப் படித்தார், கையெழுத்துப் போட்டார். அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் கேட்கவே இல்லை.

ஆனால் அந்தச் சாலைக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர்தான். என் பெயரை எங்கேயும் சொல்லாமல், பிழை தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். ஆறேழு மாதத்தில் செடித்தொட்டியை எடுத்தார்கள். மீடியனில் நின்று மூச்சு வாங்க இடம் விட்டார்கள். கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, பச்சையை நீட்டினார்கள். ஏழுமலையின் வரியை வைத்தே ஹென்ரிக் அந்த நேரத்தைக் கணக்குப் போட்டார். திரையில் அந்த உருவம் நிதானமாக நடந்து எதிர்ப்பக்கம் ஏறியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். ஹென்ரிக் கை தட்டினார்.

புதுக் கடவை இயங்கத் தொடங்கிய காலையில் நானே ஏழுமலை வீட்டுக்குப் போய் அழைத்துக்கொண்டு வந்தேன். மூட்டையோடு வந்தார். எதிரே வண்டிக்குப் பக்கத்தில் ராணி கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. வண்டிகள் நின்றன, கோட்டுக்கு அந்தப் பக்கமே, ஒழுங்காக. சாலை வெறுமையாகக் கிடந்தது.

"வாங்க, போலாம். நானும் கூட வரேன்" என்றேன்.

அவர் நின்றார்.

"நேரம் நிறைய இருக்கு ஏழுமலை. நடுவுலயும் நிக்கலாம். ஒண்ணும் ஆவாது."

"நீங்கோ போங்க மேடம்."

கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை, தரவும் இல்லை. சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் தெரியவில்லை, கோபம் தெரியவில்லை. திரையில் பார்த்த அந்த நீல உருவம் மாதிரி, அந்த முகத்தில் நான் படிக்கக்கூடியது ஒன்றுமே இல்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். இப்போது என்னையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வாய்யா! அதான் நின்னுகினு கீதே எல்லா வண்டியும், வாய்யா!" என்று ராணி கத்தினார். அவர் அசையவில்லை. ராணி பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். ஏழுமலையின் தோளிலிருந்து மூட்டையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. வந்த வழியே நடந்து போய் மரத்தடியை அடைந்து, மூட்டையை இறக்கி, முதல் சட்டையை உதறி விரித்தார்.

பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.